நாச்சிமுத்துவின் இடது கால்

"டீச்சர், இந்த மோட்டாரைக் கழட்டிருங்க. எனக்கு என்ஜின் மட்டும் போதும்."

வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து இப்படிச் சொன்னார்.

ஜெசிந்தா ஒரு காரின் பின்சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றாமலே நிமிர்ந்தார்.

"வாங்கண்ணா. எட்டு மாசமாச்சு உங்களைப் பாத்து."

"ஆச்சுங்க."

பொள்ளாச்சி ரோட்டில், பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டிகளை மட்டும் பார்க்கும் பட்டறை அது. ஜெசிந்தா அதற்கு முன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். வயது முப்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக் கொட்டகையிலேயே டிரைவர்களுக்கு வகுப்பு நடத்துவார். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தேழு. முப்பது வருஷம் டீசல் வண்டி ஓட்டியவர். போன வருஷம் ஒரு பழைய ஹைப்ரிட் கார் வாங்கினார். வாங்கிய வாரமே வகுப்புக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தன்னைவிடச் சின்ன வயதுப் பெண்ணிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவரிடம் இல்லை. மற்றவர்கள் கேட்கத் தயங்கியதையெல்லாம் அவர்தான் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

"மோட்டார் என்னண்ணா பண்ணுச்சு உங்களை?"

"மைலேஜ் தரலைங்க. பன்னெண்டுதான் வருது. என் பழைய டீசல் வண்டியே இதைவிட நல்லாக் குடுத்துச்சு."

"மத்தவங்களுக்கு இருபத்து மூணு வருதே."

"எனக்கு வரலைங்களே."

"மோட்டாரைக் கழட்டினா என்ஜின் எந்திரிக்காதுண்ணா. இந்த வண்டியில என்ஜினை எழுப்பிவிடறதே மோட்டார்தான்."

நாச்சிமுத்து காரைப் பார்த்தார். "வேற வழி இல்லீங்களா?"

"முதல்ல வண்டியைப் பாக்கறேன்."

பார்த்தார். பேட்டரியை அளந்தார். பேட்டரிக்குக் காற்று போகும் ஃபேனைத் திறந்து தூசு ஊதினார். மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். என்ஜினை ஓட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது.

வண்டியில் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக வண்டியைத் தூக்கி நிறுத்தி முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிரேக் கட்டையை எடுத்து வந்து நாச்சிமுத்துவின் வலது கையில் வைத்தார்.

"இது ஒரு டாக்ஸியில இருந்து கழட்டினது. உங்க வண்டி மாதிரியேதான். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு."

பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

இடது கையில் இன்னொன்றை வைத்தார். தகடு தெரியும்வரை தேய்ந்திருந்தது.

"இது உங்களுது. வண்டி வாங்கினப்ப நானே புதுசு போட்டேன். இன்னும் வருஷம் திரும்பலை."

நாச்சிமுத்து இரண்டையும் பார்த்தார்.

"யாருண்ணா தேச்சது?"

அவர் இரண்டு கட்டைகளையும் பத்திரமாகத் தரையில் வைத்தார்.

ஜெசிந்தா புதுக் கட்டைகளைப் போட்டார். சக்கரத்தை மாட்டினார். முன்பக்கக் கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எடுங்க. கிணத்துக்கடவு பக்கம் ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

வண்டி கிளம்பியது.

காலை பத்து மணி. ரோட்டில் தேங்காய் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஜெசிந்தா ரோட்டைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். அதில் என்ஜின், மோட்டார், பேட்டரி, சக்கரம் எல்லாம் படமாக இருந்தன. எதிலிருந்து எதற்குச் சக்தி போகிறது என்று அம்புக்குறிகள் ஓடின.

ஓட்டம் சரியாகத்தான் இருந்தது. நாச்சிமுத்துவின் கை நிதானமான கை. குழியில் இறக்கும்போது ஒரு தொட்டிலை இறக்குவதுபோல இறக்கினார்.

முதல் சிக்னல் வந்தது. சிவப்பு.

கார் நின்றது. நின்றதும் என்ஜின் அணைந்தது. ஹைப்ரிட் வண்டி அப்படித்தான். நிற்கும்போது அதற்கு என்ஜின் வேண்டாம்.

நாச்சிமுத்து இடது காலால் பிரேக்கை அழுத்தினார். வலது காலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

அணைந்த என்ஜின் திரும்ப எழுந்து உறுமியது.

பச்சை விழும்வரை உறுமிக்கொண்டே இருந்தது.

அடுத்த சிக்னலிலும் அதையே செய்தார். ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் ஒரு பஸ் நின்றபோதும் அதையே செய்தார். கிளட்ச் இல்லாத வண்டி அது. இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. அவர் அதற்கு ஒரு வேலை வைத்திருந்தார்.

"ஓரங்கட்டுங்க," என்றார் ஜெசிந்தா.

நாச்சிமுத்து ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கால்களும் அந்தந்த இடத்திலேயே இருந்தன.

"நான் சொல்லிக்குடுத்ததை ஒரு தடவை சொல்லுங்கண்ணா. வண்டி நகரும்போது எது தள்ளுது?"

"மோட்டாருங்க. என்ஜின் அந்த நேரத்துலதான் பெட்ரோலை அதிகம் குடிக்கும். அதனால மோட்டார் தள்ளும்."

"வேகம் எடுத்த பிறகு?"

"என்ஜின் வருங்க. மேடு வந்தா ரெண்டும் சேந்துக்கும்."

"பிரேக் பிடிச்சா?"

"வேகத்தை மோட்டார் வாங்கிக்கும். வாங்கிக் கரண்டாக்கி பேட்டரியில போடும். மத்த வண்டியில அது சூடாப் போயிரும். இதுல வீணாகாது."

ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

ஜெசிந்தா திரையில் பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். "நிறைஞ்சிருக்கு பாருங்க. நின்ன இடத்துல பெட்ரோலை எரிச்சு நீங்களே ரொப்பி வச்சிருக்கீங்க. அப்புறம் நீங்க பிரேக் பிடிச்சா, வர்றதை மோட்டார் எங்க கொண்டுபோய்ப் போடும்? இடமில்லை. அதனால கட்டை தேயுது. பெட்ரோலும் போச்சு, பிரேக்கும் போச்சு."

"தெரியுங்க டீச்சர்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதானுங்க."

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப எதுக்குண்ணா என்கிட்ட வந்து மோட்டார் மேல பழி போடறீங்க? ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். பழகின கையை மாத்திக்கிறதுக்கு அவ்வளவு வீம்பா உங்களுக்கு?"

நாச்சிமுத்து வண்டியை எடுத்தார்.

சுற்றுவழி ஒரு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகும். அவர்கள் போனபோது கேட் அடைத்திருந்தது. முன்னால் மாட்டுத்தீவனம் ஏற்றிய ஒரு லாரி. பின்னால் ஒரு மினி பஸ் வந்து ஒட்டி நின்றது.

கார் நின்றது. என்ஜின் அணைந்தது.

இடது கால் நகர்ந்தது. வலது கால் உயர்ந்தது.

"காலை எடுங்கண்ணா."

"வேண்டாங்க டீச்சர்."

"ஒரே ஒரு தடவை. எடுங்க."

"இந்த இடத்துல மட்டும் வேண்டாமுங்க."

ஜெசிந்தா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

தான் சற்றுமுன் கோபமாகப் பேசிய பேச்சு ஜெசிந்தாவுக்கு நினைவு வந்தது.

"இங்க என்னண்ணா நடந்துச்சு?"

நாச்சிமுத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவில்லை. காலை எடுக்கவும் இல்லை. கால் அந்தரத்தில் நின்றது.

"என் சம்சாரத்துக்கு எலும்புல நோவுங்க. துளசிமணின்னு பேரு. வாரம் ஒருக்கா கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். பழைய டீசல் வண்டி நின்னா போதும், கிடுகிடுன்னு ஆடும். அந்த ஆட்டம் அவளுக்கு எலும்புக்குள்ள போய்க் குத்தும். பல்லைக் கடிச்சுக்குவா. சொல்ல மாட்டா. அதுக்குத்தானுங்க இந்த வண்டியை வாங்கினேன்."

"அதுக்குத்தான் வகுப்புக்கும் வந்தீங்க."

"ஆமாங்க. நீங்க சொன்னபடிதான் ஓட்டினேன். துளிகூட ஆடாது. பின்சீட்டுல படுத்துத் தூங்கிட்டே வருவா. இருபத்து நாலு மைலேஜ் வந்துச்சு எனக்கு."

கேட்காரர் கொடியை எடுத்துக்கொண்டு தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"அன்னைக்கு அவளுக்கு ரொம்ப முடியலீங்க. அவசரமாக் கிளப்பிட்டுப் போனேன். இதே கேட்டுங்க. இதே மாதிரி அடைச்சிருந்துச்சு. வண்டி நின்னுச்சு, என்ஜின் அணைஞ்சுது. அவ மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு."

நிறுத்தினார்.

"ஒவ்வொரு மூச்சா கேட்டுச்சுங்க டீச்சர். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல தூரம் அதிகமாயிட்டே போச்சு. அடுத்தது வரும்னு காத்துட்டிருந்தேன். வரலை. ரயிலும் வரலை. கேட்டும் தொறக்கலை. அப்படியே உக்காந்திருந்தேன்."

ஜெசிந்தா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பழைய வண்டியா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவ இருக்கறான்னே ஓட்டிட்டுப் போயிருப்பேன். இன்னொரு முக்கால் மணி நேரம் அவ எனக்கு இருந்திருப்பா. இந்த மோட்டாருதான் என்னைக் கேக்க வச்சிருச்சு. இப்ப எங்க நின்னாலும் அந்தச் சத்தமில்லாமை வந்துருதுங்க. தாங்க முடியலை."

தூரத்தில் ரயில் ஊதியது.

ஜெசிந்தாவுக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகள் சில இருந்தன. அவற்றை அவர் எடுக்கவில்லை.

"அண்ணா, அவங்க ஏதாவது பேசினாங்களா? இங்க நின்னப்ப?"

நாச்சிமுத்து நெற்றியைச் சுருக்கினார். இந்த எட்டு மாதத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. எத்தனை மணிக்கு உயிர் போனது என்று கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள்.

"பேசினா."

"என்ன சொன்னாங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க."

"சொல்லுங்க."

"'ஏனுங்க, தோசை மாவை வெளியவே வச்சுட்டு வந்துட்டனுங்க. புளிச்சுப் போயிரும்'னா."

"நீங்க?"

"'போனதும் எடுத்து வச்சர்றேன், நீ கண்ணை மூடு'ன்னேன். 'மறந்துருவீங்க'ன்னு சொன்னா. சொல்லிட்டு லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் பேசலைங்க."

"சத்தமாவா சொன்னாங்க?"

"எங்க சத்தமா? உதட்டுக்குள்ளயே சொன்னா. அந்த வாரம் பூரா குரலே இல்லீங்களே அவளுக்கு."

ரயில் வந்தது. கண்ணாடி அதிர்ந்தது. பெட்டி பெட்டியாகக் கடந்துபோனது. கடைசிப் பெட்டி போனது. சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

காருக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணா," என்றார் ஜெசிந்தா. "அன்னைக்கு நீங்க டீசல் வண்டியில இருந்திருந்தா, அது உங்க காதுல விழுந்திருக்குமா?"

நாச்சிமுத்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கேட்டைத் தூக்கினார்கள். முன்னால் நின்ற வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. மினி பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

அவர் உதடு பிதுங்கியது. தலையை இல்லை என்று அசைத்தார். அசைத்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் சட்டைப் பையில் சொட்டியது.

வலது கால் மெல்ல இறங்கித் தரையில் பதிந்தது. பிறகு இடது கால் பிரேக்கை விட்டது.

கார் தானாக நகர்ந்தது. மோட்டாரின் மெல்லிய இழுப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது அவர்களுக்குக் கேட்டது. கேட்காரர் யாருடனோ பேசியதும் கேட்டது.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நாச்சிமுத்து பேசினார்.

"மறந்துதான் போயிட்டனுங்க டீச்சர். மூணு நாள் கழிச்சுத்தான் மாவைப் போய்ப் பார்த்தேன். பொங்கி, மேடையெல்லாம் வழிஞ்சு காஞ்சிருந்துச்சு."