செவத்த கிணறும் பூவரசும்

மக்கா, கொட்டாவிய மூடுங்க. ஞானக் கதைன்னதும் மூஞ்சியப் பாரு, காலேஜ்ல மொத பெஞ்சுல மாட்டுன மாதிரி! நானே அங்கேருந்து பாதியில ஓடியாந்தவன். பயப்படாமக் கேளுங்க.

“நீங்க நடச் சொன்ன மரம் ஏமாத்திட்டுது, தாயி. நாளைக்கு வெட்ட ஆள் சொல்லிட்டேன்.”

சொன்னது ஆவுடையப்பன். அறுபது வயசு சம்சாரி, வெவசாயந்தான் பொழப்பு.

கேட்டுக்கிட்டு இருந்தது செண்பகவல்லி. அவரு மக வயசுதான். ஆனா அவருக்குக் குரு. மலையடியில ஒரு ஓலைக்கொட்டகை, அதான் மடம்.

ஆவுடையப்பன் நிலத்தை ஒட்டி ஒரு வெடிமருந்து ஆலை இருந்துச்சு. கழுவுன தண்ணியெல்லாம் இவரு மண்ணுக்குள்ள எறக்கிட்டு, ஒருநா பூட்டிட்டுப் போயிட்டானுவ. கிணத்துத் தண்ணி செவந்துபோச்சு. ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடும்.

“மரம் நடுங்க அண்ணாச்சி. மண்ணுல கெடக்க வெடிமருந்தை வேரு உறிஞ்சி இலைக்கு ஏத்திரும்”னு குருதான் சொன்னாங்க.

நட்டாரு. பூவரசு.

மரமா மக்கா அது! எருக்கஞ்செடியே வெறுத்துப்போன மண்ணு. அதுல ஊணி நின்னு, அந்த விஷத்தையே குடிச்சிட்டு, மஞ்சளா பூவும் பூத்துச்சு. நம்மள்ல ஒருத்தன் நிப்பானா?

வருசக்கணக்காயும் கிணறு மட்டும் செவப்பாவே கெடந்துச்சு.

“மரத்தை எப்படிப் பாத்துக்கிட்டீய?”ன்னு இப்பக் குரு கேட்டாங்க.

“பிள்ளை மாதிரி. விழுந்த இலையில ஒண்ணைக்கூட வீணாக்கல. அம்புட்டையும் அது தூருலயே வெட்டிப் புதைச்சேன். மரம் தந்தது மரத்துக்கே. சம்சாரி தர்மம், தாயி.”

குரு ரேஷன் அரிசியைச் சொளவுல, அதான் மொறத்துல, கொட்டி அவர் முன்னால நவட்டுனாங்க.

“கல்லு பொறுக்குங்க. கஞ்சி குடிச்சிட்டுப் போவலாம்.”

பொறுக்குனாரு. தரையில ஓரமாக் குவிச்சாரு.

குரு அந்தக் கல்லை அள்ளி, திரும்ப அரிசியிலயே போட்டாங்க.

ஆவுடையப்பன் ஒரு பார்வை பாத்தாரு. மறுபடி பொறுக்குனாரு.

மறுபடி போட்டாங்க.

“என்ன தாயி இது?”

“அரிசி தந்தது அரிசிக்கே.”

சரி, குருவாச்சேன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இன்னொரு தடவை பொறுக்குனாரு. அதையும் அள்ளுனாங்க பாருங்க, மனுசன் சொளவைத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டாரு.

“கிறுக்கா புடிச்சிருக்கு? கண்ணு நோவ ஒவ்வொண்ணா எடுத்து வைக்கேன், திருப்பித் திருப்பி அதுலயே கொட்டுதீயளே!”

“ஒங்க பூவரசும் இதைத்தான் கேட்டிருக்கும், அண்ணாச்சி. அதுக்கு வாயில்ல.”

ஆவுடையப்பன் நின்னாரு.

சொளவுல கெடந்த கல்லைப் பாத்தாரு.

அப்புறம் மடியில இருந்த போனை எடுத்தாரு.

“எலேய், நாளைக்குக் கோடாலி வேண்டாம். இலை அள்ளச் சாக்கு கொண்டா. நெறைய கொண்டா.”

மரம் வெட்ட அவரு சொல்லி வச்ச ஆளு, அந்தப் பக்கம் போனை எடுத்தவன் நான்தான் மக்கா. எனக்கு ஒரு எழவும் புரியல. சாக்கைத் தூக்கிட்டுப் போனேன்.