வஜ்ர வாசம்

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு மரச்சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் தெய்வசிகாமணி என்னும் அடியார் பசை காய்ச்சி வந்தார். மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் வஜ்ரப் பசை அது. நேரடி நெருப்பு ஆகாது. வெந்நீருக்குள் சட்டியை வைத்து இளக்க வேண்டும். பிரஷ்ஷைத் தோய்க்கும்போதெல்லாம் "சிவசிவ" என்பார். மாலையில் குளித்து, நீறு பூசி, நான்கு தெரு தள்ளியிருந்த சிவன் கோயிலுக்கு நடப்பார்.

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் வாடை போகாது. அருகில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஒருநாள் குருக்கள் தணிந்த குரலில், "கோச்சுக்காதீங்கோ. கொடிமரத்தண்டையே நின்னு கும்புட்டுக்கோங்கோ" என்றார்.

"சரிங்க சாமி" என்றார் அடியார். பதினோரு ஆண்டுகள் அங்கேயே நின்றார். அங்கிருந்து பார்த்தால் விளக்கு தெரியும்; சுவாமி தெரியாது.

"டப்பாவுல வர்ற வெள்ளப் பசைக்கு மாறிடேன் மேஸ்திரி. வாடையே இல்ல, ஜோரா உள்ள போய் கும்புடலாம்" என்பான் உடன் வேலை செய்த இருசப்பன்.

"அதுல ஒட்டினா பின்னால வர்றவனால பிரிக்க முடியாதுப்பா. மரத்த ஒடைச்சித்தான் எடுக்கணும். வஜ்ரம்னா வெந்நி காட்டினா விட்டுடும்."

பதினோராம் ஆண்டு ஆடியில் அவர் மனைவி கனகாம்புஜம் காய்ச்சலில் இறந்தார். அடியாருக்கு அழுகை வரவில்லை. பசிக்கவும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் சட்டியை அடுப்பில் வைத்தார். வாய் "சிவசிவ" என்றது. உள்ளே எதுவும் அசையவில்லை. மாலையில் கோயிலுக்குப் புறப்பட்டார்.

"பொண்டாட்டி செத்ததுக்கே ஒரு சொட்டு வரல. சாமிகிட்ட இன்னாத்த வெச்சி அழுவப் போற?" என்றான் இருசப்பன்.

"அழுவல. நின்னுட்டு வரேன்."

மாதங்கள் போயின. பதினாறாம் லூயி மன்னன் காலத்து நாற்காலி ஒன்று பட்டறைக்கு வந்தது. கீழே போகப் போகக் குறுகும் நேரான கால்கள், நெடுகப் பள்ளக்கோடுகள். கால் சட்டத்தில் சேரும் சதுரத்துக்குள் ஒரு பூ. ஆடிய காலை வெந்நீர் காட்டிப் பிரித்தார். மூட்டின் உட்பக்கம், வெந்நீர் படாத மூலையில், இருநூறு ஆண்டுப் பழைய வஜ்ரத்தில், ஒட்டியவனின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அடியார் கைகூப்பினார்.

"யாரு இது, பிரெஞ்சு நாயனாரா?" என்றான் இருசப்பன்.

"பேரு தெரியல. ஒழுங்கா ஒட்டியிருக்காரு."

சுரண்டாமல் அதன்மேலேயே சுடச்சுடப் பசை தடவி மூட்டைச் சேர்த்தார். பழையது இளகிப் புதியதோடு கலந்தது.

மறுநாள் காலை குருக்கள் கருவறையைத் திறந்தபோது உள்ளே வஜ்ர வாடை அடித்தது. எலி செத்திருக்குமோ என்று தேடினார். கழுவினார், சாம்பிராணி போட்டார். பாலும் சந்தனமும் வழிந்த பிறகும் இலிங்கத் திருமேனியிலிருந்து அதே வாடை வந்துகொண்டிருந்தது. யாருடைய வாடை என்று அவருக்குத் தெரியும். ஈர வேட்டியோடு பட்டறைக்கு நடந்தார்.

"உள்ள வாங்கோ. உங்களுக்கும் அவருக்கும் இப்போ ஒரே வாசனைதான்."

அன்று தெய்வசிகாமணி சுவாமியை நேரில் கண்டார். அப்போதும் அவருக்குக் கண்ணீர் வரவில்லை. இறைவன் அதைக் கேட்கவும் இல்லை. மனம் மரத்த பின்னும் நாள் தவறாமல் வந்து நின்ற அந்தக் கால்களை வணங்குவோம்.