தொட்டில் கட்டுற இடத்துல ஒரு விருந்து

மேகமெல்லாம் நின்னு இளைப்பாறிட்டுப் போற ஒரு மலையடிவாரத்து ஊர்ல வடிவாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ ஒரே மக ஆவுடைக்கு நெறமாசம். பிரசவத்துக்குத் தாய்வீடு வரணும்ல? சம்பந்தியம்மாவோ, "ஒழுகுற வீட்டுக்கு எம்மருமகளை அனுப்பமாட்டேன்"னு சொல்லிட்டா. அவ சொன்னதும் நியாயந்தானே?

சரின்னு ஓடு மாத்த நெனச்சா. கூடப்பிறந்த தம்பி சொரிமுத்துவுக்கு ஓடு வேய்றதுதான் தொழில். அவன் இருக்கையில வேற ஆளைக் கூப்பிட்டா காலத்துக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவானே! அதனால அவனையே கூப்பிட்டா. அவனோ வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கணும்னு, ஓட்டு மேல ஓட்டை நல்லா ஏத்தி வைக்காம, தொட்டும் தொடாம அடுக்கிட்டுப் போயிட்டான்.

மொத மழைக்கு அடுப்படி ஒழுகிச்சு. "ஏலே தம்பி, ஒழுகுதுடா!"

"புது ஓடுக்கா, தண்ணி குடிச்சுப் பழகட்டும்."

ரெண்டாவது மழைக்கு நடுவீடு ஒழுகிச்சு. "அது காத்து செஞ்ச வேலைக்கா."

மூணாவது மழைக்கு, தொட்டில் கட்டுற இடத்துலயே ஒழுகிச்சு. "நாலு சொட்டுதானேக்கா, சட்டியை வை."

வடிவாச்சி உக்காந்து அழுதா. ஆனா செல்லத் தம்பியாச்சே, திட்ட வாய் வரல.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கூரை வேலை முடிஞ்சா, வேஞ்சவனை மணையில உக்காரவச்சு விருந்து போடணும். பாயசம் குடிக்காம அவன் எந்திரிச்சா, அப்புறம் யாருமே அவனைக் கூரையேறக் கூப்பிடமாட்டாங்க. வடிவாச்சி என்ன செஞ்சா தெரியுமா? மலையில மழைக்கருக்கல் கட்டின ஒரு மத்தியானமாப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டு, தொட்டில் கட்டுற இடத்துலயே மணையைப் போட்டா!

பருப்பு ஊத்தினா, சொட்டு விழுந்துச்சு. "அக்கா, ஒழுகுது!"

"புது ஓடு தண்ணி குடிச்சுப் பழகுது, நீ சாப்பிடு."

ரசம் ஊத்தினா, இலை மெதந்துச்சு. "அக்கா, ரசமெல்லாம் தண்ணி!"

"காத்து செஞ்ச வேலைடா, சாப்பிடு."

பாயசம் வந்துச்சு, உச்சந்தலையிலயே கொட்டுது. "அக்கா!"

"நாலு சொட்டுதானே! இந்தா சட்டி, தலையில கவுத்துக்கோ. இங்கதான்டா உம்மருமக பெத்த பிள்ளை தூங்கப்போகுது."

அதைக் கேட்டதும் அவனுக்கு முகமே செத்துப்போச்சு. சட்டியும் தலையுமா பாயசத்தைக் குடிச்சான், மழை விட்டதும் கூரையேறினான், மூணு நாளு சோறு தண்ணி பார்க்காம அத்தனை ஓட்டையும் பிரிச்சு மறுபடி வேஞ்சான்.

ஆவுடையும் வந்தா. ஐப்பசி மழை வெளுத்து வாங்குன அன்னிக்கே பிள்ளை பிறந்துச்சு. ஆவுடையோட தாய்மாமன் சொரிமுத்து தொட்டிலுக்கு மேல கையை நீட்டிக்கிட்டு, மழை ஓயுற வரைக்கும் நின்னானாம். ஒரு சொட்டு விழலையே!

அவங்க வீடும் நனையல, நம்ம கதையும் காஞ்சு முடிஞ்சுது.