சத்தமில்லாமல் ஒரு கூச்சல்

முதலில் ஒரு விடுகதை. உடம்பு தவிட்டு நிறம், கண் மட்டும் வெளுப்பு. ஒன்றைப் பார்த்தால் பக்கத்திலேயே ஐந்தாறு இருக்கும். நாள் முழுக்கச் சண்டை போடும். ஆனால் இளைப்பாறும்போது ஒரே கிளையில் ஒட்டி ஒட்டி உட்காரும். யார் அது?

தவிட்டுக்குருவி! சரியாகச் சொன்னவர்கள் மேலே படிக்கலாம். சொல்லாதவர்களும் படிக்கலாம்.

ஒரு காட்டோடையின் இந்தக் கரையில் ஒரு புங்க மரம். அந்தக் கரையில் ஓர் இலுப்பை மரம். இரண்டிலும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. கோடையில் ஓடை வற்றி, அங்கங்கே குட்டைகள் மட்டும் நின்றன. நடுவே ஒரு மண்திட்டு, அதில் ஒரு கரையான் புற்று. அது யாருக்கு என்பதில்தான் தகராறு.

"எங்கள் புற்று!" என்றது சாமை சித்தி. புங்க மரக் கூட்டத்துக்கு அதுதான் தலைவி.

"புற்றில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதோ?" என்றது இலுப்பை மரத்துப் பெரியவர். "நீ போடுகிற சத்தத்தில் புற்றே இடிந்துவிடும் போலிருக்கிறது!"

சாமை சித்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு புங்க மரத்துக்குத் திரும்பியது.

"வல்லூறு வந்தால் நம் காவல்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். நாம் முள்புதரில் ஒளிகிறோம். அதே குரலைக் கேட்டு அவர்களும் ஒளிகிறார்கள். ஓசியில்! இனி நம் குரல் நமக்கு மட்டும். அவர்கள் காதில் விழாதபடி கத்த வேண்டும்!"

"சத்தமில்லாமல் கத்துவதா?" என்று விழித்தது வரகு அண்ணன்.

"முயன்று பார்!"

வரகு அண்ணன் கத்தியது. அந்தக் கரையில் எல்லாத் தலைகளும் திரும்பின. இன்னும் அடக்கிக் கத்தியது. அது இருமல் மாதிரி இருந்தது. கடைசியில் தினை வாயைத் திறந்தது. கூட்டத்திலேயே சின்னது தினை. வால்கூட முழுதாக வளரவில்லை.

"கிச்!"

புங்க மரத்தில் எல்லோருக்கும் கேட்டது. இலுப்பையில் ஒருவரும் திரும்பவில்லை.

"பிரமாதம்! நாளைக்கு நீதான் காவல்!" என்றது சித்தி.

முதல் காவல்! தினைக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் வந்தது.

"சித்தி, நம்மவர் யார், அவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் தவிட்டு நிறம்தானே?"

"அது சுலபம். நாம் குளித்துவிட்டுத் தின்போம். அவர்கள் தின்றுவிட்டுக் குளிப்பார்கள்."

தினைக்குப் பகீரென்றது. "இன்று காலை எனக்கு ரொம்பப் பசி. தின்றுவிட்டுத்தான் குளித்தேன்!"

"அப்படியானால் காலையில் நீ இலுப்பை!" என்று வரகு அண்ணன் சிரித்தது.

"நிஜமாகவா அண்ணா? இப்போது திரும்பி வந்துவிட்டேனா?"

"அடி பைத்தியமே! நீ எப்போதும் எங்கள் பிள்ளைதான்," என்றது சித்தி. "ஆனால் ஒன்று. நாளைக்கு உரக்கக் கத்தினால் இனி உனக்குக் காவல் கிடையாது. நம் வரிசையில் நடு இடமும் கிடையாது. ஓரத்தில்தான் உட்கார வேண்டும். காற்றெல்லாம் உன் மேல்தான் அடிக்கும்!"

மறுநாள் காலை தினை புங்க மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்தது. கீழே இந்தக் கரையிலும் சருகைக் கிளறினார்கள், அந்தக் கரையிலும் சருகைக் கிளறினார்கள். அந்தக் கரையில் ஒரு குஞ்சுக்கும் வால் முளைத்தும் முளைக்காமலும் இருந்தது. அது அவசர அவசரமாகப் புழுவைத் தின்றுவிட்டுக் குட்டைக்கு ஓடியது.

திடீரென்று மலைப் பக்கமிருந்து வல்லூறு வந்தது.

"கிச்!" என்றது தினை.

கண் இமைப்பதற்குள் புங்க மரக் கூட்டம் முழுவதும் முள்புதருக்குள் போய்விட்டது. அந்தக் கரையில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய காவல்காரர் தன் இறகைக் கோதிக்கொண்டிருந்தார். குஞ்சு குட்டையில் தலையை முக்கி முக்கி ஆடியது. வல்லூறு சிறகை மடக்கியது.

"தினை, வாயைத் திறக்காதே! நாம் எல்லோரும் தப்பியாயிற்று!" என்றது புதருக்குள்ளிருந்து சித்தி.

தினை வாயைத் திறந்தது.

"வல்லூறு! வல்லூறு! ஓடு!"

அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல்! குஞ்சு நனைந்த உடம்போடு உருண்டு புதருக்குள் விழுந்தது. வல்லூறின் நகத்தில் சேறுதான் ஒட்டியது. அது தலையை நிமிர்த்தி, கத்தியது யார் என்று தேடியது. தினை கிளையிலிருந்து கல் மாதிரி விழுந்து முள்ளுக்குள் புகுந்துகொண்டது. வல்லூறு ஒரு வட்டமடித்துப் பார்த்துவிட்டு, பசியோடு மலைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

சித்தி வெளியே வந்தது. "அந்தக் குஞ்சு நம் பிள்ளை என்று நினைத்துவிட்டாயா? மேலிருந்து அடையாளம் தெரியவில்லையா?"

"தெரிந்தது சித்தி. அது இலுப்பைதான். தின்றுவிட்டுத்தான் குளித்தது."

"பிறகு எதற்குக் கத்தினாய்?"

"வல்லூறுக்கு அது தெரியாதே! யார் முதலில் குளித்தார்கள் என்று கேட்டுவிட்டா பிடிக்கிறது?"

சித்தி இறகில் ஒட்டியிருந்த முள்ளை உதறியது.

அப்போது அந்தக் கரையிலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. "இனி எங்கள் காவல்காரனும் உங்கள் காதில் விழும்படியே கத்துவான்! ஆனால் புற்று எங்களுக்குத்தான்!"

"எங்களுக்கு!" என்றது சித்தி. ஆனாலும் நேற்றிருந்த சூடு அந்தக் குரலில் இல்லை.

வெயில் ஏறியது. கூட்டம் கிளையில் ஒட்டி உட்கார வந்தது.

"நான் சொன்னது சொன்னதுதான்," என்றது சித்தி, தினையின் முகத்தைப் பார்க்காமல். "இனி மெதுவாகத்தான் கத்துவேன் என்றால் நடுவில் வா. உரக்கத்தான் கத்துவேன் என்றால் ஓரம்."

வரகு அண்ணன் ஓரத்துக்கு நகர்ந்து, தனக்கு அப்பால் ஒரு சின்ன இடம் விட்டது.

நமக்கென்று ஒரு கூட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஆபத்தைக் கண்டு குரல் கொடுக்கும்போது, நம்மவரா பிறரா என்று பார்க்கக் கூடாது.

தினை ஓரத்தில் போய் உட்கார்ந்தது.