அரசன் விரால் பிடிக்கக் கற்றுக்கொண்டது

கோட்டை கட்டிவிட்டால் பகைவன் வரமாட்டான் என்று அரசர்களும், கட்டி முடித்த பிறகாவது அரசன் நம்மை விட்டுவிடுவான் என்று குடிகளும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பெருந்தேவன் என்றொரு அரசன் இருந்தான். சிறியவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். சிரிப்புக் கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

பெருந்தேவனுக்கு ஒரு புதுக் கோட்டை வேண்டியிருந்தது. பழையது ஒன்று நன்றாகத்தான் நின்றது. ஆனால் அது அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் கல் சுமக்க வரவேண்டும் என்று முரசு அறைந்தான். போனவர்களில் சிலர் கை நசுங்கித் திரும்பினார்கள், சிலர் கால் நசுங்கித் திரும்பினார்கள், பலர் திரும்பவே இல்லை. அதைப் பார்த்த ஏரிக்கரை ஊர் ஆண்கள் நாற்பது பேர், ஒருநாள் விடியலில் எழுந்து ஊருக்கு எதிரே இருந்த உடைமுள் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள்.

அவர்களை வெளியே கொண்டுவர அரசன் மூன்று வழி பார்த்தான்.

முதலில், ஊரிலிருந்து காட்டுக்கு ஒரு பிடி அரிசியும் போகாதபடி காவல் போட்டான். அவர்கள் கிழங்கு தோண்டித் தின்றார்கள். அடுத்து, திரும்பி வருகிறவனுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் என்று அறிவித்தான். அரசனின் வாக்கை ஏற்கெனவே அறிந்தவர்கள் ஆதலால் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வேட்டைநாய்களோடு வீரர்களை அனுப்பினான். உடைமுள், நாய்க்கால் வீரன்கால் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கிழித்து அனுப்பியது.

இதில் அரசனுக்கு இன்னொரு நட்டமும் இருந்தது. அவன் வேட்டையாடுகிற காடும் அதுதான். உள்ளே நாற்பது பேர் கோபத்தோடு உட்கார்ந்திருக்கும்போது வில்லைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? அதைப் பயம் என்று சொன்னால் தலை போய்விடும். ஆகவே அமைச்சர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்ச நாள் மீன் பிடிச்சுப் பொழுது போக்கலாமே" என்றார்கள்.

இப்படித்தான் வேம்பன் இந்தக் கதைக்குள் வருகிறான்.

வேம்பன் ஏரிக்கரை ஊர்த் தூண்டில்காரன். அரண்மனைச் சமையலுக்கு நாள்தோறும் மீன் கொடுப்பவன். அதனால் கல் சுமப்பதிலிருந்து தப்பித்தவன். அவன் தம்பி சாத்தனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காட்டுக்குள் இருந்த நாற்பது பேரில் சாத்தனும் ஒருவன். சாத்தனின் மனைவி பேச்சியும் மூன்று பிள்ளைகளும் வேம்பன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்கள். வேம்பன் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மீனில் பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிடுவான். நல்லவன்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம்.

அரசன் அவனைக் கூப்பிட்டுச் சொன்னான்: "வேம்பா, மூணு நாள் தர்றேன். என் கையால ஒரு விரால் பிடிக்கணும். அயிரை, கெண்டை எல்லாம் எனக்கு வேணாம். பிடிக்கலேன்னா நாலாம் நாள் நீயும் கல்லு சுமக்க வந்துடு."

"பொறுமையா உக்காந்தா கிடைக்கும்ங்க சாமி."

"பொறுமை உன் பாடு. எனக்கு மீன் வேணும்."

ஐப்பசி மழை பெய்து ஏரி நிரம்பியிருந்த நேரம் அது. விரால் குஞ்சு பொரிக்கிற நேரமும் அதுதான். விரால் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் திரியும். தண்ணீரில் மிளகாய்ப்பொடி கொட்டினாற்போல அந்த இடமே சிவந்து தெரியும். தாயும் தகப்பனும் அடியில் நின்று காவல் காக்கும். ஏரிக்கரை ஊரில் ஒரு பழக்கம் உண்டு. அந்தச் சிவப்பை முதலில் பார்க்கிறவர் யாரானாலும், நாணல் குச்சியில் வைக்கோல் முடிச்சு ஒன்று கட்டி அங்கே நட்டுவிடுவார். குஞ்சுகள் வளர்ந்து, கறுத்து, பிரிந்து போகும்வரை அந்தப் பக்கம் ஒருவரும் தூண்டில் வீசமாட்டார்கள். பஞ்சத்தில் புளியங்கொட்டை தின்ற வருடத்திலும் வீசியதில்லை. அந்த வருடம் கோரைப்புல் ஓரத்தில் ஒரு முடிச்சு நின்றது. ஆகவே வேம்பன் அரசனை அந்தப் பக்கமே கூட்டிப்போகாமல் வேறு இடம் தேடினான்.

முதல் நாள் ஆற்று மடு.

அரசன் பொன்னால் செய்த தூண்டில் முள்ளோடு வந்தான். பட்டு நூலோடு வந்தான். குடை பிடிக்க ஒருவன், விசிறி வீச ஒருவன், வருகையைச் சொல்லக் கொம்பு ஊத ஒருவன் என்று ஆட்களோடு வந்தான். கொம்புச் சத்தத்தில் மடுவில் இருந்த மீனெல்லாம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். பொன் முள் ஒரு வேரில் மாட்டி, இழுத்ததும் நிமிர்ந்துபோயிற்று. வேம்பன் தன் தூண்டிலைக் கொடுத்தான். மூங்கில் கழி, குதிரை வால்மயிரைத் திரித்த நூல், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, கொல்லன் அடித்த இரும்பு முள். மண்புழுவைக் கோக்கச் சொன்னபோது அரசன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். குடைக்காரன் கோத்துக் கொடுத்தான். தக்கை லேசாகத் துள்ளியது, அரசன் உடனே இழுத்தான். முள்ளில் பாதிப் புழுதான் மிச்சம்.

"துள்ளும்போது இழுக்கக் கூடாதுங்க சாமி. முங்கணும். முங்கின பிறகு இழுக்கணும்."

இரண்டாம் நாள் ஏரி மதகு.

அன்று குடையும் கொம்பும் இல்லை. சின்னக் கெண்டையை உயிரோடு முள்ளில் கோத்து, தண்ணீர் இழுக்கிற போக்கில் விட்டார்கள். தக்கை துள்ளியது, அரசன் பேசாமல் இருந்தான். தக்கை முங்கியது, அப்போதும் பேசாமல் இருந்தான். முதல் நாள் வாங்கிய பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டான் போலும். அவன் இழுப்பதற்குள் மீன் மதகுக் கல்லைச் சுற்றிப் போய் நூலை அறுத்துக்கொண்டது.

"முங்கினதும் இழுக்கணும்னு சொன்னேனுங்களே சாமி."

"எத்தனை எண்ணணும்னு சொன்னியாடா?" என்றான் அரசன்.

மூன்றாம் நாள் வேறு வழியில்லை. கோரைப்புல் ஓரத்துக்குத்தான் போனார்கள். முடிச்சு நின்ற இடத்தைவிட்டுத் தள்ளி, வேம்பன் அரசனை உட்கார வைத்தான். முள்ளில் குட்டித் தவளையைக் கோத்து நீர்மேல் தத்தவிடக் கற்றுக்கொடுத்தான். அரசன் வீசினான், இழுத்தான், வீசினான், இழுத்தான். உச்சிவெயில் வந்தது. கையில் கொப்புளம் வந்தது. விரால் மட்டும் வரவில்லை.

அரசன் கழியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "நாளைக்குக் காலையில கோட்டைக்கு வந்துடு, வேம்பா."

வேம்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். தான் கல்லுக்குப் போய்விட்டால் தன் வீட்டுக்கும் மீன் இல்லை, தம்பி வீட்டுக்கும் மீன் இல்லை. ஏழெட்டு வயிறு. அவன் முடிச்சு நின்ற இடத்தைப் பார்த்தான். அங்கே தண்ணீர் சிவந்து நகர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு மீன்தானே என்று நினைத்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தான். பிறகு தண்ணீரில் இறங்கி, அந்தக் குச்சியைப் பிடுங்கிப் புல்லுக்குள் போட்டான்.

"இங்க வாங்க சாமி. அந்தச் சிவப்புக்கு நடுவுல தவளை விழற மாதிரி வீசுங்க."

அரசன் வீசினான். மூன்று நாள் வீசியதில் இதுதான் மோசமான வீச்சு. நூல் சுருண்டு, தவளை மல்லாந்து விழுந்தது. அப்படியும் தண்ணீர் வெடித்தது. முழங்கை நீளம் விரால் ஒன்று வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தது. அரசன் எண்ணவும் வேண்டியிருக்கவில்லை, காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. மீன் தானே முள்ளை வாங்கிக்கொண்டது.

கரையில் விழுந்து துடித்த மீனைச் சுற்றி அரசன் சின்னப் பிள்ளைபோல் குதித்தான். குதித்து ஓய்ந்த பிறகு கேட்டான்:

"மூணு நாளா வராதது இப்ப ஏண்டா வந்துது? பசியா?"

"பசி இல்லீங்க சாமி. குஞ்சு கூட இருக்கிறப்ப அது இரையத் தேடாது."

"பின்ன?"

"குஞ்சுக்கு நடுவுல எது விழுந்தாலும் அடிச்சு விரட்டப் பாயும். முள்ளு இருக்கா, நூலு இருக்கான்னு அப்ப பாக்காது."

"பயந்து ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாலுமா?"

"எங்க ஒளிஞ்சிருந்தாலும் வரும்ங்க. தாய் மட்டுமில்ல, தகப்பனும் வரும்."

"தகப்பனும் வருமா" என்றான் அரசன். அவன் மீனைப் பார்க்கவில்லை. எதிரே தெரிந்த முள்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புழுக் கோக்கத் தெரியாதவன், நூல் வீசத் தெரியாதவன், எப்போது இழுப்பதென்று கடைசிவரை தெரியாதவன், இதை மட்டும் ஒரே தடவையில் கற்றுக்கொண்டான். வேம்பனோ, அரசன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று மகிழ்ந்துபோனான். சொல்லிக்கொடுத்தவனுக்கு வருகிற அற்பப் பெருமை அது. காவல் குறைந்த குஞ்சுகளைக் கெளுத்தி மீன்கள் வந்து விழுங்குவதைத் திரும்பும்போது பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான்காம் நாள் பகலில் வீரர்கள் ஊருக்குள் வந்தார்கள். ஒருவரையும் அடிக்கவில்லை, ஒரு பானையையும் உடைக்கவில்லை. பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த வெட்டவெளியில், காட்டிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற தூரத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு அரண்மனை யானைகளில் ஒன்றைக் கொண்டுவந்து, அங்குசத்தால் குத்தி, பிள்ளைகளுக்கு நடுவே நடக்க விட்டார்கள்.

அவ்வளவுதான் செய்தார்கள். பிள்ளைகள் அலறினார்கள்.

பசிக்கு வராதவர்கள், நிலத்துக்கு வராதவர்கள், நாய்க்கு வராதவர்கள், நாற்பது பேரும் முள்ளைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கையில் கம்பு இருந்தவன் கம்போடு வந்தான், இல்லாதவன் வெறுங்கையோடு வந்தான். வீரர்கள் கையில் இருந்த கயிற்றை ஒருவனும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் சாத்தன் வந்தான்.

பிள்ளைகளில் ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அரசன் இதைச் சபையில் நான்கைந்து தடவை சொல்லிக்கொண்டான். அவனுடைய இரக்கத்தை அமைச்சர்கள் புகழ்ந்தார்கள்.

வேம்பன் ஓடிப்போய் அரசன் காலில் விழுந்தான். "என் தம்பிய விட்டுடுங்க சாமி. அவனுக்குப் பதிலா நான் சுமக்கிறேன்."

அரசன் அவனைத் தூக்கி நிறுத்தினான். உண்மையாகவே அன்போடுதான் நிறுத்தினான். "எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவன் நீ. உன்னைப் போய்க் கல்லு சுமக்க விடுவேனா?" என்றான். ஒரு பட்டுத்துணியைத் தோளில் போட்டு அனுப்பினான்.

தை மாதத்தில் கோட்டை வாசலுக்கு உத்தரக்கல் தூக்கும்போது கயிறு அறுந்தது. கல்லுக்கு அடியில் மூன்று பேர். அதில் சாத்தனும் ஒருவன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வேம்பன் எப்போதும்போல மீனில் பாதியை எடுத்துக்கொண்டு பேச்சி வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். சத்தம் போடாமல்தான் கேட்டாள்:

"நாயி விட்டுப் பாத்தும் அவுகளப் பிடிக்க முடியலியே அத்தான். பிள்ளையள வச்சுப் பிடிக்கலாம்னு ராசாவுக்கு ஆரு சொன்னது?"

"நான் மீனப் பத்தித்தான் சொன்னேன், பேச்சி. சத்தியமா மீனப் பத்தித்தான் சொன்னேன்."

"அவருக்கு மீனும் நாமளும் வேறயா அத்தான்?" என்றாள் பேச்சி.

அவள் அந்த மீனை அவன் முகத்தில் எறிந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எறியவில்லை. உள்ளே மூன்று பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளும் வாங்கினாள், அதற்கு மறுநாளும் வாங்கினாள். அவன் உயிரோடு இருந்த வரைக்கும் நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுத்தான், அவளும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டீர்கள் அல்லவா, இனி எழுந்து போகலாம், போகும்போது இதை மட்டும் கொண்டுபோங்கள்: எளியவனின் பாசம் எங்கே இருக்கிறது என்று வலியவனுக்குக் காட்டுகிறவன், தன் சொந்தங்களையே அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறான்.