இல்லாத புரதத்தின் கோடு

"மேடம், இல்லாததை இது இருக்குன்னு சொல்லுது. நான் என்ன செய்ய?"

தில்லைநாயகி ஃபிலிமை மேசையில் வைத்தாள். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திவிட்டு, வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். வழிகாட்டி சகாயராணி அவளைவிட ஆறு வயது இளையவர்.

செல்லுக்குள் சேரும் கொழுப்பைக் கரைக்கும் ஒரு புரதம். அதை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று விற்கப்படும் ஓர் ஆன்டிபாடி. ஒட்டினால் ஃபிலிமில் கறுப்புக் கோடு விழும். நாலு வருடமாக அவள் அளந்துவந்தது அந்தக் கோடுகளைத்தான்.

போன வாரம், அந்தப் புரதமே இல்லாமல் பிறந்த எலிகளின் கல்லீரல் வந்து சேர்ந்தது. அதையும் சோதித்தாள்.

அதிலும் கோடு. அதே இடத்தில். அதே கறுப்பில்.

"துறைத்தலைவர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். 'உலகமே இதைத்தான் வாங்குது. அந்த ஒரு ஃபிலிமை விட்டுட்டுக் கட்டுரையை அனுப்பும்மா'ன்னார்."

"நீங்க?"

"மாட்டேன்னுட்டேன்." அவள் ஃபிலிமைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க சொன்னாலும் மாட்டேன் மேடம். பட்டம் போனா போகட்டும்."

சகாயராணி எழுந்து போய் ஃப்ரீசரிலிருந்து எலிக் கல்லீரல் கரைசல் இருந்த எட்டுக் குழாய்களை எடுத்தார்; சிலதில் அந்தப் புரதம் உண்டு, சிலதில் இல்லை. ஒவ்வொன்றிலும் இருந்த பெயரை டேப் ஒட்டி மறைத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு கலைத்தார். டேப்பின் மேல் ஒன்று முதல் எட்டு வரை எழுதினார்.

"இதே சோதனையை ரன் பண்ணுங்க. எதெதுல புரதம் இல்லைன்னு எனக்குச் சொல்லுங்க."

இரண்டு நாள் ஆயிற்று. தில்லைநாயகி புதிய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள்.

எட்டுக் கோடுகள். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை.

"சொல்ல முடியலை மேடம்."

"நல்லாப் பாருங்க."

"எவ்வளவு பார்த்தாலும் முடியாது. யாராலயும் முடியாது."

சகாயராணி ஃபிலிமை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் தில்லைநாயகிக்கு உறைத்தது. சகாயராணியின் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்த கட்டுரை ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்தது. இதே புரதத்தைப் பற்றியது. இதே ஆன்டிபாடியை வைத்து எழுதியது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் பள்ளி வேலையை விட்டாள்.

"மேடம், இதை நான் வெளியே சொன்னா உங்க கட்டுரையும்..."

"தெரியும்."

"எப்பத் தெரிஞ்சது?"

"நீங்க முதல் ஃபிலிமை வச்சப்பவே."

"அப்புறம் எதுக்குத் திரும்பப் பண்ணச் சொன்னீங்க?"

"நீங்க தப்பா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

வெளியே வராந்தாவில் யாரோ துறைத்தலைவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை சகாயராணி ஒரு தாளை அவளிடம் கொடுத்தார்.

"பிழை இருக்கா பாருங்க."

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதம். ஒன்பது வருடத்துக்கு முன் வெளிவந்த தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தார். எட்டுக் கோடுகளின் படம் இணைப்பில் இருந்தது.

தில்லைநாயகி மெதுவாகப் படித்தாள். கடைசி வரி: 'எனவே இந்த முடிவுகளை நம்ப முடியாமல் போகலாம்.'

அவள் நிமிர்ந்தாள்.

"'போகலாம்' எதுக்கு மேடம்?"

சகாயராணியின் முகம் சிவந்தது.

பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அதை அடிங்க."