மாதுளைத் தோலும் மறைத்த கையும்

வெள்ளோட்டுப் பாளையக்காரரின் இளைய மகளுக்கு மேனியெல்லாம் செந்தடிப்பு எழுந்து எரிந்தது. அதே நோய்க்கு அரண்மனை வைத்தியர் கங்காதரர் பூசிய பாதரசக் களிம்பில் தோல் வெந்துதான் மூத்தவள் மாண்டிருந்தாள்; நோய்தான் கொன்றதென்று அவர் சொன்னதை அரண்மனை நம்பியிருந்தது. அரண்மனையை ஒட்டிய கோயில் மடைப்பள்ளியில் பாத்திரம் துலக்கும் வேலாத்தாள், பிள்ளையின் அழுகுரல் பொறுக்காமல், அபிஷேகத்துக்கு உரித்த மாதுளையின் தோலைக் கஷாயமாக்கி ஒற்றினாள். பிள்ளைக்கு எரிச்சல் அடங்கியது, வைத்தியருக்கு மூண்டது.

"பிள்ளை மேனியில் குப்பையைப் பூசியவள் கையை வெட்ட வேண்டும்" என்றார். அரிவாளோடு ஒருவன் வந்து நின்றான்.

வேலாத்தாள் பாளையக்காரரைக் கும்பிட்டாள். "ஈசனுக்கு உரிச்ச பழத்தோட தோலுங்க சாமி. அவன் சந்நிதியில மிஞ்சினது குப்பைதான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, கையை நானே நீட்டறேன்."

பாளையக்காரர் கழுத்து உருத்திராட்சத்தைத் தொட்டுக்கொண்டு, அரிவாள்காரனைக் கையமர்த்தினார்.

"அதில் நஞ்சிருந்தால்?" என்றார் வைத்தியர்.

"என் கையில கஷாயத்தைப் பூசிக்கிறேனுங்க. அய்யா கையில அவரு களிம்பைப் பூசிக்கட்டும். சாயங்காலம் ரெண்டு கையையும் பார்த்துடலாமுங்க."

களிம்புச் சிமிழைக் கொண்டுவந்தார்கள். கங்காதரர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மகளைப் பறிகொடுத்த தகப்பன் களிம்புச் சிமிழைத் தன் கையில் எடுத்தார். பிறகு அரிவாள்காரனிடம் மெல்லச் சொன்னார்: "அந்தக் கைகளை முன்னால் இழு."